குழல் மட்டும் மாற்றினால் போதுமா, தம்பி?

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

டெக்சாஸில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் போட்டிருந்தார். மேசை மேல் ஒரு பிஸ்டல், பக்கத்தில் இரண்டு குழல்கள். "குழலை மாத்தினேன், தோட்டாச் செலவு குறைஞ்சுது. எல்லாம் சார் சொல்லிக்கொடுத்த பிசிக்ஸ்" என்று கீழே எழுதி என் பெயரையும் கோர்த்துவிட்டார். நூற்றுக்கும் மேல் லைக். நம் உறவுக்காரர்கள் சிலர் "ஜேம்ஸ் பாண்ட்" என்று கேலி செய்தார்கள், சிலர் "வெடிச்சுடும்டா" என்று பயமுறுத்தினார்கள். இரண்டு கட்சியிலும் நான் இல்லை. ஆனால் என் பெயரை இழுத்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அவரிடம் போனில் பேசி, அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்க நியாயம். அவரிடம் இருப்பது .40 காலிபர் கிளாக். இந்தத் தோட்டாவுக்கு ஒரு கதை உண்டு. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 9 மி.மீ. குண்டு போதுமான ஆழம் போகவில்லை என்று பழி அதன் மேல் விழுந்தது. 10 மி.மீ. தோட்டாவை எடுத்தார்கள், உதை தாங்கவில்லை. அதைக் கட்டையாக்கி 1990-ல் வந்ததுதான் .40. அமெரிக்கப் போலீஸ் துறைகள் வரிசையில் நின்று வாங்கின. பிறகு 9 மி.மீ. குண்டுகளின் தரம் உயர்ந்தது, 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ.யே 9-க்குத் திரும்பியது. போலீஸ் கழித்துப்போட்ட .40 பிஸ்டல்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தன. நம்மவர் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். துப்பாக்கி மலிவு, தோட்டா விலை அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதற்கு அங்கே கடையில் வைத்திருக்கும் மருந்துதான் இந்த மாற்றுக் குழல். வெளி அளவு .40 குழல் மாதிரி, உள் துளை 9 மி.மீ. (9 மி.மீ. கிளாக்கின் சொந்தக் குழலை இதில் போட்டால் தொளதொள என்று நிற்கும். போடக் கூடாது.) அமெரிக்க மத்தியச் சட்டத்தில் துப்பாக்கி என்றால் வரிசை எண் அடித்த சட்டகம்தான், குழல் வெறும் உதிரிப் பாகம். நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே எவனும் இதைப் படித்துவிட்டுக் கையை வைக்காதீர்கள், ஆயுதச் சட்டம் சும்மா விடாது.

"வெடிச்சுடும்" என்ற உறவினர்களுக்கு: இல்லை. இரண்டு தோட்டாவுக்கும் தொழில் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் ஒன்றுதான், சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. ஒழுங்கான மாற்றுக் குழலில் 9 மி.மீ. சுடுவதால் பிஸ்டல் சிதறிவிடாது. தெரியாத விஷயத்தில் பயத்தைக் கிளப்பினால், சொல்ல வேண்டிய நிஜமான பயத்தையும் அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

அந்த நிஜமான பயத்துக்கு வருகிறேன்.

குழல் மட்டும்தான் மாறியது என்கிறாரே, அதுதான் பொய். 9 மி.மீ. தோட்டாவின் அடிவிளிம்பு 9.96 மி.மீ., .40-ன் அடிவிளிம்பு 10.77. வெற்றுக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியை, எக்ஸ்ட்ராக்டரை, பெரியதற்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். மேகசினின் உதடும் அப்படியே. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் பலமான உதைக்குத் தக்கபடி அமைந்தவை. ஆகவே 9 மி.மீ. மேகசினும் வேண்டும், முடிந்தால் எக்ஸ்ட்ராக்டரும் மாற்ற வேண்டும். குழலை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லக்கூடிய ஜோடி ஒன்று உண்டு, .40-ம் .357 சிக்-கும். 1994-ல் .40 கூட்டின் கழுத்தை நெரித்துச் செய்தது அது. ஆனால் அந்தத் தோட்டா .40-ஐ விட விலை அதிகம்!

நம்மவர் பழைய .40 மேகசினிலேயே 9 மி.மீ. தோட்டாவைப் போட்டு ஓட்டுகிறார். "பெரும்பாலும் ஓடுது சார்" என்றார். என் வகுப்பில் "பெரும்பாலும்" என்ற விடைக்கு எவ்வளவு மார்க் போடுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். குழல் 140 டாலர், தோட்டாவுக்கு 12 சென்ட் மிச்சம், மாதம் 100 தோட்டா சுடுகிறார். 1,167 தோட்டாவில் முதல் திரும்பும், சுமார் 12 மாதம். மேகசின், எக்ஸ்ட்ராக்டர் என்று இன்னொரு 100 டாலர் போட்டால் 2,000 தோட்டா, 20 மாதம். அந்த எட்டு மாதத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை கூத்தும்.

போன மாதம் நடந்ததை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஏதோ காரணத்துக்காக .40 குழலைத் திரும்ப மாட்டியிருக்கிறார். சுடுதளத்தில் பதினேழு வயது மகன் மேகசினை நிரப்பினான், பக்கத்தில் திறந்திருந்த 9 மி.மீ. பெட்டியிலிருந்து. மேகசின் ஒன்றேதானே, பையனுக்கு எப்படித் தெரியும்? சுட்டான். சத்தம் வேறு மாதிரி கேட்டது. கூடு பக்கவாட்டில் கிழிந்து கிடந்தது. "ஒண்ணும் ஆகலை சார்."

என்ன நடந்தது என்று யோசியுங்கள். .40 தோட்டா 9 மி.மீ. குழலுக்குள் நுழையவே நுழையாது, அந்தப் பக்கம் பயமில்லை. சின்னது பெரியதற்குள் நுழைந்துவிடும். கூட்டின் வாய் போய் நிற்க வேண்டிய படி அதற்கு எட்டாது, எக்ஸ்ட்ராக்டர் கொக்கி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஊசி அடிக்கும், தோட்டா வெடிக்கும். பித்தளைக் கூட்டைத் தாங்கச் சுற்றிலும் சுவர் இல்லை, அது உப்பிக் கிழிகிறது. 9 மி.மீ. குண்டு 10 மி.மீ. துளையில் வரிப்பள்ளத்தைப் பிடிக்காமல் தட்டுத் தடுமாறிப் போகிறது. எங்கே போய் விழும் என்பதை நியூட்டன் வந்தாலும் சொல்ல முடியாது. பையன் முகத்துக்கு முன்னால் நடந்த விஷயம் இது. "ஒண்ணும் ஆகலை"யாம்!

அந்தப் பிஸ்டலின் ஸ்லைடில் இன்றைக்கும் .40 என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது எந்தக் குழல் என்று அவருக்குத் தெரியும், அதுவும் அன்று மறக்காமல் இருந்தால். மனைவிக்குத் தெரியாது. நாளைக்கு அதை வாங்குகிறவனுக்கும் தெரியாது. குழலின் மேல் பொடி எழுத்தில் 9 என்று இருக்குமே என்றார். நான் கேட்டேன், மருந்துக் கடைக்காரர் ஒரே டப்பாவில் இரண்டு மாத்திரையைப் போட்டு, மூடிக்குள்ளே எழுதியிருக்கிறேன் பார்த்துக்கொள் என்று சொன்னால் வாங்குவாயா?

இன்னொன்று. மலிவாகப் பழகுகிறேன் என்கிறார். எதற்குப் பழக்கம்? வீட்டில் காவலுக்கு வைத்திருப்பது .40 குழலோடு. சாதாரண 9 மி.மீ. குண்டு ஏறக்குறைய 7.5 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 350 மீட்டர். .40 குண்டு 11.7 கிராம், சுமார் 300 மீட்டர். பெருக்குங்கள். உந்தம் 2.6, 3.5. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உதை. ஒன்பதாம் வகுப்புக் கேள்வித்தாளில் பழகிவிட்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவது மாதிரி. விசையை இழுக்கும் விரலுக்குப் பயிற்சி வேண்டுமானால், தோட்டாவே இல்லாத அறையில், சோதித்த காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பாதுகாப்பான திசையில் இழுத்துப் பழகலாம். அதற்குக் காசே இல்லை. கிளாக் அதைத் தாங்கும்.

நான் என்.சி.சி. அதிகாரியாக இருந்தபோது .22 ரைஃபிளோடு உங்களை அழைத்துப்போன காலையெல்லாம் நினைவிருக்கும். சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைக்கும்வரை ஒருவரும் நகர முடியாது. ஒன்று குறைந்ததற்காக வெயிலில் முட்டி போட்டுப் புல்லில் தேடியவர்களில் இந்த டெக்சாஸ்காரரும் ஒருவர். அன்று என்னைத் திட்டியிருப்பார். எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் தேடச் சொல்லவில்லை, தம்பி. தளத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது சுடுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே இதைச் செய். 9-தான் வேண்டுமென்றால் 9-க்கே போய்விடு. அந்த .40-ஐ விற்று ஒரு 9 மி.மீ. பிஸ்டல் வாங்கு, எஃப்.பி.ஐ.க்கே போதும் என்றால் உனக்கும் போதும். மனசில்லை என்றால் 9 மி.மீ. மேகசின்களை வாங்கிப் போட்டு நிரந்தரமாக 9 ஆக்கு, பழைய குழலையும் மிச்சமுள்ள .40 தோட்டாவையும் வீட்டை விட்டு வெளியே அனுப்பு. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். பையனையும் பக்கத்தில் உட்கார வை. அந்தக் கிழிந்த கூடு இருக்கிறதா, தூக்கிப் போட்டுவிட்டாயா? இருந்தால் எடுத்து வை, வீடியோவில் நான் பார்க்க வேண்டும்.