ஞாயிற்றுக்கிழமைப் பறை

எங்கள் குழுவில் ஏழு பேர். மூன்று பேருக்கு விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் வேலை. ஒருவர் அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிறார், இரண்டு பேர் சூளையில். ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். நான் சமூகப் பணியாளர். ஞாயிறு மாலை நாலு மணிக்கு மணிமுத்தாற்று மணலில் கூடுவது என்று பேச்சு. ஏழு பேரும் சேர்ந்து வந்த ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போன மாதம் ஒரு பயிற்சி முகாமில் ஒரு மாணவி கேட்டாள்: "அக்கா, வேலையையும் கலையையும் எப்படி பேலன்ஸ் பண்றீங்க?" காலையில் சீக்கிரம் எழுந்திரு, செல்போனைத் தள்ளி வை என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். அது தப்பான பதில். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பகலில் வங்கியில் வேலை, மாலையில் சபாவில் கச்சேரி என்று ஒருவர் இருந்தால் அவரை இரட்டைத் திறமைசாலி என்று பத்திரிகைகள் எழுதும். இசை அவருக்கு விருப்பம். நம் தாத்தாக்களுக்குப் பறை விருப்பமாக இருந்ததில்லை. ஊரில் சாவு விழுந்தால் கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும். நடவு வேலை பாதியில் நின்றாலும், சொந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் போக வேண்டும். கூலி என்று பேரம் பேச முடியாது, கொடுத்ததுதான். போகாவிட்டால் அடி விழும், வயலில் வேலை கிடைக்காது. நமக்கு வேலையும் இசையும் ஒன்றாகவே கட்டி வைக்கப்பட்டிருந்தன, இரண்டையும் கட்டியது சாதி.

அதனால்தான் இந்தத் தென்னார்க்காட்டு மண்ணில் நம் முன்னோர் முதலில் கேட்டது பறையடிக்கும் உரிமையை அல்ல, அடிக்காமல் இருக்கும் உரிமையை. பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தவர் எல்.இளையபெருமாள். பின்னாளில் தீண்டாமை குறித்து ஆராய மத்திய அரசு 1965இல் அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர், 1969இல் அறிக்கை வந்தது. அந்தக் குழுவைப் படிக்கிற மாணவர்கள் அதற்கு முந்தைய அந்த மறுப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் அப்பாவும் மறுத்தவர்களில் ஒருவர். முப்பது வயதில் நான் ஒரு பறையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, "நான் கீழ வெச்சத நீ எதுக்கும்மா தூக்குற?" என்றார். சமூகவியலில் முதுகலை படித்திருக்கிறேன். 'இழிவின் சின்னத்தை விடுதலைக் கருவியாக்குதல்' பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நாலு மாதம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒருநாள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, "சிண்டுக்குச்சிய இவ்ளோ இறுக்கிப் புடிச்சா மணிக்கட்டு போயிரும்" என்றார். அதற்கு மேல் இன்றுவரை எதுவும் சொன்னதில்லை.

சூளையில் வேலை பார்க்கும் அண்ணனை ஒருமுறை சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டு ஆள் வந்தது. "எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றார். அவ்வளவுதான், வந்தவர் போய்விட்டார். அவருடைய தாத்தா இப்படிச் சொல்லியிருக்க முடியுமா? பட்டறை வேலை கையை அறுக்கிறது, நெஞ்சில் தூசியை நிரப்புகிறது. ஆனால் ஊரை நம்பிப் பிழைக்க வேண்டாம் என்ற இடத்தில் அவரை நிறுத்தியிருக்கிறது. வேலையை விட்டால்தான் உண்மையான கலைஞன் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. இன்றும் சாவுக்கு அடித்துப் பிழைக்கிறவர்களை இளக்காரமாகப் பார்க்கும் தோழர்களையும் நம்புவதில்லை.

ஆனால் நேரம்? பிரச்சினை முழுக்க அங்கேதான். வைசிராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார் அம்பேத்கர். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலை 48 மணி நேரமாகக் குறைந்தது 1946 திருத்தச் சட்டத்தில். அதே அம்பேத்கர் வாழ்வின் பிற்பகுதியில், அத்தனை வேலைக்கும் நோய்க்கும் நடுவே, வயலின் கற்றுக்கொண்டார். கோட்டும் புத்தகமுமாகச் சிலை வைக்கிற நாம் அந்த வயலினை மறந்துவிடுகிறோம்.

2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பத்து நாளும் எங்கள் குழுவில் பேச்சே அதுதான். 12 மணி நேரம் நின்றவன் ஆற்றுக்கு எப்படி வருவான்? சட்டம் இருக்கிற இப்போதே நிலைமை சுமார்தான். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சின்னப் பட்டறைகள் 2025 வரை இருந்த தொழிற்சாலைச் சட்டத்துக்குள்ளேயே வந்ததில்லை. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு ஞாயிறு என்பது விட்ட காசு. எரியும் சூளையைப் பாதியில் அணைத்துவிட்டும் வர முடியாது. எனக்குச் சூளை இல்லை, ஆனால் ஞாயிறு மாலை நாலு மணிக்கு வீட்டு அடுப்பு இருக்கிறது. குழுவில் பெண்கள் ஏன் குறைவு என்று கேட்கிற தோழர்கள் முதலில் அதை யோசிக்கலாம்.

2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது ஆற்று மணலிலேயே கொண்டாடினோம். பறைக்குக் கிடைத்த மரியாதை அது. அதற்கு ஆறு மாதத்துக்குள் ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவில் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்று அடிக்கக் கூப்பிட்டார்கள். பணம்? "நம்ம நிகழ்ச்சிதானே, மேடம்." பரதம் ஆடிய பெண்ணுக்கு உறை போட்டுப் பணம் கொடுத்ததாக அப்புறம் தெரிந்தது. நாங்கள் போகவில்லை. சம்பளத்துக்கு வேறு வேலை இருப்பதால் ஓசிக்கு அடிப்போம் என்று யாரும் நினைக்கக் கூடாது. நம் போராட்ட மேடை என்றால் காசு வேண்டாம்; மற்ற இடத்தில் விலை பேசுங்கள்.

ஆகவே தங்கையே, சீக்கிரம் எழுந்திரு என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உன் குழுவில் யாருக்கு எத்தனை மணி நேர வேலை, வார விடுமுறை உண்டா, மிகை நேரத்துக்குக் கூலி தருகிறார்களா என்று முதலில் கேட்டு எழுது. நாங்களும் இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறோம். சூளை அண்ணன்களுக்கு இந்த மாதம் முழுக்க ஞாயிறு ஷிப்ட் என்பதால் ஒத்திகையைச் செவ்வாய் காலை ஆறு மணிக்கு மாற்றியிருக்கிறோம். பனியில் தோல் தொய்ந்து கிடக்கும், காய்ச்சக் கூடுதலாக வைக்கோல் வேண்டும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு கொண்டு வாருங்கள்.