பதக்கத்துக்கு முந்தைய மாதங்கள்

ஒரு பெரிய இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் வீரரிடம் செய்தியாளர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘மனநிலை எப்படி இருக்கிறது?’ பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அழுத்தம் ஏதுமில்லை, என் ஆட்டத்தில் மட்டுமே கவனம் வைத்திருக்கிறேன் என்பார் வீரர். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அணியை வழிநடத்தும் ‘குவார்ட்டர்பேக்’ இளைஞரும் இதையே சொல்கிறார். நம்மூர் உயரத் தாண்டுதல் வீரரும் இதையே சொல்கிறார். சொற்கள் ஒன்றாக இருப்பதால் மனநிலையும் ஒன்று என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. இறுதிப் போட்டிக்கு முந்தைய மனநிலை என்பது உளவியல் மட்டுமன்று. அதில் பெரும்பகுதி வீட்டின் வரவு செலவைச் சார்ந்தது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்த தாய், மகனின் சிகிச்சைக்காக 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். சேலம் ஏ.வி.எஸ். கலை அறிவியல் கல்லூரியில் வணிக மேலாண்மை படித்த அந்த இளைஞர், பெங்களூரில் பயிற்சியாளர் சத்யநாராயணாவிடம் பயின்று, 2016 மார்ச் மாதம் துனீசியாவில் 1.78 மீட்டர் தாண்டினார். ரியோ பாராலிம்பிக்கில் நுழைவதற்குத் தேவைப்பட்ட உயரம் 1.60 மீட்டர்தான். அதே ஆண்டு செப்டம்பரில் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 21.

தங்கம் உறுதியானதும் தமிழக அரசு 2 கோடி ரூபாயும் மத்திய அரசு 75 லட்சம் ரூபாயும் அறிவித்தன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், அந்தக் கணக்கை வென்ற பிறகு பார்க்காமல், தாண்டுவதற்கு முந்தைய இரவில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஊரில் அடைபடாத 3 லட்சம் ரூபாய் கடன். மறுபக்கம், கம்பி தட்டாமல் தாண்டினால், அந்தக் கடனைப்போல் தொண்ணூறு மடங்குக்கும் மேற்பட்ட பணம். ஓர் உயரத்தில் தொடர்ந்து மூன்று முறை தவறினால் போட்டி முடிந்துவிடும். அடுத்த வாய்ப்பு நான்கு ஆண்டுகள் கழித்து. பொருளியலில் இதைவிடக் கூர்மையான ஊக்கத்தொகையை வடிவமைக்க முடியாது. இத்தகைய ஊக்கம் திறனைக் கூட்டுமா, குறைக்குமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கான இரு முக்கியமான ஆய்வுகள் நம் மண்ணிலேயே நடந்தவை. டான் ஏரியலி, யூரி நீஸி உள்ளிட்ட நால்வர் 2009-இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி மதுரை வட்டாரத்தில் நடத்தப்பட்டது. கவனம், நினைவு, கைத்திறன் ஆகியவற்றைச் சோதிக்கும் சில விளையாட்டுகள் மக்களுக்குத் தரப்பட்டன. ஒரு விளையாட்டை மிக நன்றாக ஆடினால் ஒரு பிரிவினருக்கு 4 ரூபாய், இன்னொரு பிரிவினருக்கு 40 ரூபாய், மூன்றாம் பிரிவினருக்கு 400 ரூபாய். எல்லா விளையாட்டுகளிலும் முழுப்பரிசு பெற்றால் மூன்றாம் பிரிவினருக்குக் கிடைக்கக்கூடியது ஒரு கிராமவாசியின் பல மாதச் செலவுக்கு நிகரான தொகை. மிக மோசமாக ஆடியவர்கள் அந்த மூன்றாம் பிரிவினரே. கிடைக்கப்போகும் பணத்தின் அளவே அவர்கள் கைகளைத் தடுமாறச் செய்தது.

இரண்டாவது ஆய்வு ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. தமிழகக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம், அறுவடைக்கு முன்பு ஒருமுறையும் அறுவடைப் பணம் கைக்கு வந்தபின் ஒருமுறையும் ஒரே வகையான சிந்தனைத் திறன் சோதனைகள் செய்யப்பட்டன. அதே மனிதர், அதே மூளை. ஆனால், அறுவடைக்கு முன் மதிப்பெண் குறைந்திருந்தது. கடனும் தவணையும் மனத்தில் இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இந்த விளைவின் அளவு குறித்து அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆயினும் மோகனூர் ஆலைக்குக் கரும்பு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த முடிவு வியப்பளிக்காது.

நமது விளையாட்டுப் பரிசு முறையை இவ்விரு ஆய்வுகளோடு பொருத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அறுவடைக்கு முந்தைய வறுமையில் வீரரை வைத்து, மூன்றாம் பிரிவினருக்குரிய பரிசை அவர் கண்முன் தொங்கவிடுகிறோம். இரண்டு சுமைகளையும் ஒருவர் தலையிலேயே ஏற்றுகிறோம்.

‘மாரியப்பன் வென்றுகாட்டினாரே?’ என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ரியோவுக்குப் பின் டோக்கியோவில் கொட்டும் மழையில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி, 2024 மே மாதம் கோபே உலகப் போட்டியில் 1.88 மீட்டருடன் தங்கம், அதே ஆண்டு பாரிஸில் 1.85 மீட்டருடன் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்குகளில் தொடர்ச்சியாகப் பதக்கம் என்பது எளிய செய்தியன்று. ஆனால், மேற்சொன்ன ஆய்வுகள் சராசரியைப் பற்றியவை. மாரியப்பன் சராசரி மனிதரல்லர். அவரை வைத்து முறையை நியாயப்படுத்துவது, வெள்ளத்தில் நீந்திக் கரையேறிய ஒருவரைக் காட்டிப் பாலம் தேவையில்லை என்று வாதிடுவதைப் போன்றது. 1.70 மீட்டரில் நின்று, வீட்டுக் கடனுக்காக வேலைக்குப் போய்விட்டவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் நீளத் தாண்டுதல் மாணவி ஒருவர் இருந்தார். ராசிபுரம் பக்கத்துக் கிராமம். தாய் ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் புறப்படும் முன் என்னிடம் வந்தார். வாழ்த்துப் பெற வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. ‘ஐயா, நான் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். திங்கட்கிழமை அம்மாவுக்குக் குழுத் தவணை. பகுதிநேர வேலைக்குப் போகாவிட்டால் இந்த வாரம் கட்ட முடியாது. போகட்டுமா, வேண்டாமா?’ வருகைப் பதிவு குறைவு என்று வேறொரு பக்கம் அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்திருந்தது. போய்வந்தார். பதக்கம் இல்லை, பயிற்சியில் வழக்கமாகத் தாண்டும் தூரத்தைக்கூட அன்று எட்டவில்லை என்று உடற்கல்வி இயக்குநர் சொன்னார். பதற்றம் என்றார் அவர். அந்தப் பதற்றத்துக்கு ஒரு தொகையும் ஒரு கிழமையும் இருந்தன என்பது எனக்குத் தெரியும்.

இதே சேலம் மண்ணின் இன்னொரு வீரர் வேறொன்றைக் கற்பிக்கிறார். சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜன் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் தொடங்கியவர். 2015-இல் முதல்தரப் போட்டிகளில் கால்வைத்த வேகத்திலேயே அவரது பந்துவீச்சு முறை குறித்துக் கேள்வி எழுந்தது. ஓராண்டுக்கு மேல் பின்னடைவு. ஆனால், கிரிக்கெட்டில் சென்னை லீக் இருந்தது, பின்னர் தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்தது, அதற்கும் மேலே ஐ.பி.எல். இருந்தது. பந்துவீச்சைத் திருத்திக்கொண்டு மீண்டவரை 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம், அடுத்த மாதமே பிரிஸ்பேனில் டெஸ்ட். தவறுவதற்கும் திரும்பி வருவதற்கும் இடம் கொடுக்கும் சந்தை அது. தடகளத்தில் அப்படியொரு சந்தை இல்லை; இருக்கவும் போவதில்லை. ஆகவே அங்கே அந்த இடத்தை அரசுதான் உருவாக்க வேண்டும்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பெரும் வணிகம். பல்லாண்டுகளாக அங்கே வீரர்களுக்குக் கல்விக் கட்டணமும் தங்குமிடமும் கிடைத்தன. பணம் பெற மட்டும் தடை. 2021-இல் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பொருளீட்டும் உரிமை வந்தது. 2025 ஜூலை முதல், ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை தன் வீரர்களோடு நேரடியாக வருவாயைப் பகிரலாம். அந்த வணிகத்தில் எனக்கு ஒவ்வாதவை பல உண்டு. கல்லூரி கல்லூரியாக இருக்குமா என்ற ஐயமும் உண்டு. எனினும், இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவில் அந்த இளைஞரின் மனநிலைக்கும் ராசிபுரம் மாணவியின் மனநிலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு மனவலிமையால் வந்ததன்று. முன்னவரின் விடுதிக் கட்டணம் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2014-இல் தொடங்கிய ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தில் தேர்வாகும் முன்னணி வீரருக்கு மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுக்குத் தரப்படுகிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு விடுதிகளும் சிறப்பு உதவித் திட்டங்களும் உள்ளன. 2023-இல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அரசுப் பணிகளில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. மாரியப்பனுக்கே 2021-இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் பணி வழங்கப்பட்டது. ஆனால், இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே மேலே வந்துவிட்டவர்களுக்கு உரியவை. மாவட்ட அளவில் வென்று, தேசிய அளவை எட்டாத 17 முதல் 21 வயதுக்காரர்தான் இடையில் விழுகிறார். அவர் பெரும்பாலும் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார்.

நாமக்கல் மக்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. முட்டைக்கோழிக் குஞ்சு முதல் முட்டையிட ஏறக்குறைய 20 வாரம் ஆகும். அதுவரை தீவனம், தடுப்பூசி, கொட்டகை எல்லாம் பண்ணையாளர் செலவு. ‘முதலில் முட்டையிடு, பிறகு தீவனம்’ என்று சொல்லும் பண்ணையாளர் இம்மாவட்டத்தில் இல்லை. இதே மாவட்டத்தின் உறைவிடப் பள்ளிகளுக்குக் கடன் வாங்கிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் தேர்வுக்கு முன்பே பணத்தைக் கொட்டுகிறார்கள். மதிப்பெண்ணுக்கு முன்கூட்டி முதலீடு வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் சமூகம், விளையாட்டு என்றதும் திறமையும் வெறியும் இருந்தால் போதும் என்கிறது. அந்தப் பள்ளிகள் சிலவற்றில் உடற்கல்வி வகுப்பு கணக்கு வகுப்பாகிவிடுவது தனிக்கதை.

பரிசுத் தொகைகளைக் குறைக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக் பதக்கங்களுக்காகத் தமிழகத்தின் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் ஆகிய நால்வருக்கும் சேர்த்து 5 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. அதில் ஒரு ரூபாயும் வீணில்லை. ஆனால், அதே 5 கோடியில், மாதம் 10,000 ரூபாய் வீதம் 416 மாணவ வீரர்களை ஓராண்டுக்குத் தாங்க முடியும் என்ற கணக்கும் நிதித்துறை மேசையில் இருக்க வேண்டும். பதக்கத்துக்கு ஒரு ரூபாய் அறிவிக்கும்போது, பதக்கம் வராத ஆண்டுகளுக்கென இன்னொரு ரூபாயைத் தனியே ஒதுக்கலாம். 416 பேரில் நானூறு பேர் பதக்கம் வெல்ல மாட்டார்கள் என்பது உண்மை. யார் அந்தப் பதினாறு பேர் என்று முன்கூட்டி அறிய வழியில்லை என்பதும் உண்மை. நிச்சயமற்ற நிலையில் பரந்து முதலிடுவது அரசால் இயலும். 3 லட்சம் கடனில் இருக்கும் ஒரு தாயால் இயலாது.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய விளையாட்டுக் கொள்கை 2036 ஒலிம்பிக்கை நோக்கிப் பேசுகிறது. காமன்வெல்த் விளையாட்டுகள் 2030-இல் அகமதாபாத்துக்கு வருகின்றன. அரங்குகளுக்குப் பணம் வந்துவிடும். அதில் எனக்கு ஐயமில்லை. 2036-இல் தாண்டப்போகிறவர்கள் இன்று ஓமலூரிலும் சேந்தமங்கலத்திலும் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் கல்லூரிக்கு வரும்போது மூன்று சிறிய ஏற்பாடுகள் போதும் என்பது என் கருத்து. மாவட்ட அளவில் முதல் மூன்று இடங்களில் வருபவருக்கு ஓராண்டு மாத உதவித்தொகை. காயத்துக்கும் வருமான இழப்புக்கும் காப்பீடு. போட்டி நாள்களுக்கு வருகைப் பதிவில் விண்ணப்பமின்றித் தானாகக் கிடைக்கும் விலக்கு. உதவித்தொகை வரும் மாதமும் முக்கியம். நிதியாண்டு முடிவில், மார்ச் மாதத்தில் அவசரமாக வந்து சேர்ந்த பல உதவித்தொகைகளை நான் கல்லூரியில் பார்த்திருக்கிறேன். அதற்குள் அந்த ஆண்டின் பல்கலைக்கழகப் போட்டிகள் பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். முதல் தவணை ஜூன் மாதம், கல்லூரி திறக்கும் வாரத்திலேயே மாணவரின் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்.