விட்டவனைக் கைவிடுவதோ?

"கஞ்சாவைத் தொடாதே" என்று சொல்ல நம் சமுதாயத்தில் ஆயிரம் வாய்கள் உண்டு. "தொட்டதை நிறுத்திவிட்டேன், இனி நான் என்ன செய்வது?" என்று கேட்பவனுக்கு மறுமொழி சொல்ல ஒரு வாயேனும் உண்டா?

குருண் பட்டணத்து இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். பாட்டனார் பால்மரம் வெட்டியவர்; தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை அறுத்தவர்; மகனோ தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். சில ஆண்டுகள் நாள்தோறும் கஞ்சா புகைத்தவன், "மூன்று மாதமேனும் இதை நிறுத்தி வாழ்ந்து பார்ப்போம்" என்று தானாகவே முடிவெடுக்கிறான். அவனுக்கு நாம் அளிக்கும் வரவேற்பு யாது? தாய் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்று, கற்பூரத்தின்மேல் ஆயுட்காலச் சத்தியம் கேட்கிறாள். "எத்தனை நாளைக்கு இந்த வேடம்?" என்று மாமன் நகைக்கிறார். அண்டை வீட்டார் தம் பிள்ளைகளை அவனிடமிருந்து விலக்கிக்கொள்கின்றனர். மூன்று மாதம் என்று அவன் சொன்னதைக் குற்றமாகவே கொள்கிறோம். முதற்படியில் கால் வைத்தவனை நோக்கி, மாடியை ஏன் இன்னும் அடையவில்லை என்று சினப்பது அறிவுடைமையாகுமா?

அவன் உடல் படும் பாட்டையும் நாம் அறிந்தோமில்லை. நெடுநாள் புகைத்தவன் நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே எரிச்சல், அமைதியின்மை, பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தலைகாட்டும், இரவில் வியர்க்கும், கனவுகள் அச்சுறுத்தும். முதல் வாரத்தில் இவை கடுமையாகி, பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று வாரங்களில் தணியும். உறக்கக் குறை மட்டும் சிலருக்கு மேலும் நீளும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் இந்நிலையைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. நம் வீட்டிலோ, அவன் எரிந்து விழுந்தால் "மறுபடியும் புகைத்துவிட்டான்" என்கிறோம்! கஞ்சாவின் போதைப்பொருள் உடற்கொழுப்பில் தங்குவது. ஆதலால் நாள்தோறும் புகைத்தவனது சிறுநீரில், நிறுத்திய பின்னும் சில வாரங்கள் அதன் தடயம் காணப்படலாம். நிறுத்தியவனையே பொய்யன் என்று பழிக்க இஃது ஒன்று போதாதா?

"சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்பர் சிலர். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் கடுமையானதே. 200 கிராம் கஞ்சாவோ அதற்கு மேலோ வைத்திருப்பவனைக் கடத்தல்காரன் என்றே அது அனுமானிக்கிறது. கட்டாய மரண தண்டனை 2023ஆம் ஆண்டு நீக்கப்பட்டதாயினும், தூக்குத் தண்டனை நீதிபதியின் கையில் இன்னும் இருக்கிறது. புகைத்தமைக்கே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ விதிக்கலாம். இந்த அச்சத்தை ஒவ்வோர் இளைஞனும் அறிந்திருத்தல் நன்று. ஆயினும் நள்ளிரவில் உறக்கம் வராமல் புரள்பவனுக்குச் சட்டம் துணையிருக்குமா? தானே முன்வந்து சிகிச்சை கேட்பதற்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அவ்வழியில் அவனோடு நடந்து செல்ல ஓர் அண்ணன் வேண்டும். அந்த அண்ணனைச் சட்டம் தராது.

குருணுக்குத் தெற்கே, பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தை நினைவிற் கொள்வோம். தோட்டந்தோறும் உரிமத்தோடு கள்ளுக்கடை நடந்த காலம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பீடோங் கள்ளுக்கடை எதிர்ப்பு காவல் துறையினரோடு மோதலாக முடிந்தது. தொழிலாளி ஒருவர் உயிரையே கொடுத்தார். அப்படையின் வன்மையான போக்குகள் அனைத்தையும் நான் போற்றவில்லை. ஆனால் ஒன்றை அவர்கள் அறிந்திருந்தனர். மாலையில் கள்ளுக்கடையை நோக்கி நடந்த கால்களுக்கு அவர்கள் அணிவகுப்பைத் தந்தனர். வெறுமையான பொழுதுக்கு ஒரு வேலையையும், தனியனுக்கு ஒரு கூட்டத்தையும் தந்தனர். நாம் கஞ்சாவைப் பறிக்க விழைகிறோம். பறித்த இடத்தில் எதை வைக்கிறோம்?

தமிழாசிரியப் பெருமக்களே! வகுப்பில் "கள்ளுண்ணாமை" அதிகாரத்தை உணர்ச்சி ததும்ப நடத்துகிறீர்கள். "சிற்றினஞ் சேராமை"யை மனனம் செய்விக்கிறீர்கள். வள்ளுவர் அதற்கு முந்தைய அதிகாரமாகப் "பெரியாரைத் துணைக்கோட"லை வைத்தாரே, அதனை மறந்ததேன்? பழைய கூட்டாளிகளை உதறிவிட்டு வந்தவன் துணைக்கொள்ளத் தேடும் பெரியார் எவர்? அவன் உங்கள் பழைய மாணவன் அல்லனோ? கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். "வா தம்பி, ஒரு தேநீர் குடிப்போம்" என்று அழையுங்கள். உறங்கினாயா, உண்டாயா என்று கேளுங்கள்; சத்தியம் கேளாதீர்கள்.

மாணவ மணிகளே! அவன் உங்கள் அண்டை வீட்டு அண்ணன். திடலில் பந்தாட ஆள் குறைந்தால் அவனைக் கூப்பிடுங்கள். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடும் பொறுப்பை அவனிடம் ஒப்படையுங்கள். மூன்று மாதத்தில் அவன் ஒருமுறை தவறினால், தவறாமல் கழித்த நாட்களை முதலில் எண்ணிச் சொல்லுங்கள்.

பழைய கூட்டம் அவன் வீட்டு வாசலில் ஒவ்வொரு மாலையும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒலி எழுப்பக் காத்திருக்கிறது. அவர்கள் அவனிடம் எச்சத்தியமும் கேட்பதில்லை. வா என்றே அழைக்கின்றனர். அவர்களுக்கு முன்னே அவ்வாசலுக்குச் சென்று நிற்க நம்மில் எவருக்குத் துணிவுண்டு?