அம்மாவின் விசாவுக்கு மறுபரிசீலனை வேண்டும்

யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயை இரண்டு மாதம் லண்டனுக்கு அழைக்க நினைக்கும் பிள்ளைகளில் பலர் முதலில் செய்வது, அவரது வங்கிக் கணக்கில் பெருந்தொகையைப் போடுவது. விசா மறுக்கப்பட அதுவே காரணமாகிவிடுவதுண்டு. ஓய்வூதியம் மட்டுமே வந்துகொண்டிருந்த கணக்கில், விண்ணப்பிக்கும் வாரத்தில் பல இலட்சம் ரூபாய் விழுந்தால், யாருடைய பணம் என்ற கேள்வி எழாதா?

செலவைப் பிள்ளை ஏற்பதற்கு பிரிட்டனின் விதிகளில் தடையில்லை. அதைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதி, சம்பளச் சீட்டுகளையும் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழையும் இணைக்கலாம். ஆனால் அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது, அனுமதித்த ஆறு மாதத்துக்குள் இவர் ஊர் திரும்புவாரா என்பதை. அதற்குப் பதில் தாயின் ஊர் வாழ்க்கையில்தான் உண்டு: காணி உறுதி, ஓய்வூதியப் பதிவு, வீட்டில் காத்திருக்கும் கணவர், முன்பு இந்தியா போய்வந்த கடவுச்சீட்டு முத்திரைகள். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். முகவர் பேச்சைக் கேட்டுப் பொய் ஆவணம் வைத்தால் பத்தாண்டுத் தடைகூட வரலாம்.

இத்தனை கவனம் தேவைப்படுவதற்குக் காரணம், மறுப்பை எதிர்த்து முறையிடும் வழி ஏறக்குறைய அடைபட்டிருப்பதே. குடும்பத்தைப் பார்க்க வருவோரின் முறையீட்டு உரிமையை பிரிட்டன் 1993-இல் நீக்கியது. 2000-இல் திருப்பித் தந்தது. 2013 ஜூன் 25 முதல் மறுபடி எடுத்துக்கொண்டது. மனித உரிமை அடிப்படையிலான குறுகிய வழியும், செலவு மிகுந்த நீதிமன்ற மறுஆய்வும்தான் மிச்சம்.

முறையீட்டில் வென்றவர்கள் பெரும்பாலும் புதிய ஆவணம் காட்டியே வென்றார்கள், அவர்கள் புதிதாக விண்ணப்பிப்பதே விரைவானது என்றது அரசு. அந்த வாதம் நியாயமானதல்ல. புது விண்ணப்பத்துக்குக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். பழைய மறுப்பையும் அதில் அறிவித்தாக வேண்டும். ‘உண்மையான வருகையாளர் அல்ல’ என்று எழுதப்பட்ட முதியவரின் பெயரில் அந்தக் கறை நிற்கும். பெரும்பாலான முடிவுகள் நேர்காணலின்றிக் காகிதத்தைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. முன்பு தீர்ப்பாயத்தில் மகளோ மகனோ நேரில் சாட்சி சொல்ல முடிந்தது. விசா முடிவெடுக்கும் உள்துறை அமைச்சகத்தைச் சாராத ஒரு நீதிபதி அதைக் கேட்டார்.

பெற்றோர், உடன்பிறந்தோர் அளவுக்காவது அந்த உரிமை மீள வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழ் வாக்காளர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தாயின் விண்ணப்பத்துக்கு ஆதரவுக் கடிதம் கேட்டுத் தொகுதி எம்.பி.யிடம் போகிறவர்கள், 2013 மாற்றத்தைத் திரும்பப் பெற நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பாரா என்பதையும் அங்கேயே கேட்க வேண்டும்.