முதலில் நிற்கட்டும் சார்!

பழைய காரைப் புதுப்பிக்கும் ஆசாமிகளுக்கு ஒரு வியாதி. நாலு காசு சேர்ந்ததும் கை நேராக இன்ஜினுக்குப் போகும்.

1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பாருங்கள். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. அதே சேஸிஸைக் குறுக்கி, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். வேகமான வண்டியாச்சே! முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தார்கள். நம்மாள்? பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு, பெரிய இன்ஜினை இறக்குகிறார்.

ராத்திரி அரியூர் தாண்டி விழுப்புரம் ரோட்டில் போகிறீர்கள். எதிரே பின்விளக்கு இல்லாத டிராக்டர். அப்போது உங்களைக் காப்பாற்றப் போவது குதிரைசக்தியா, பிரேக்கா?

செலவுக்கு வரிசை இதுதான்: பிரேக், டயர், சஸ்பென்ஷன் புஷ். பிறகு, வண்டி மெதுவாக ஓடும்போது ஹெட்லைட் மங்காமலிருக்க டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். அடிக்கடி மக்கர் பண்ணும் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். கழற்றியதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், பெட்டியில் வையுங்கள். நாளைக்கே திரும்ப மாட்டலாம்.

இன்ஜினை மாற்றினால்? 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் கடந்த காரின் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாவிட்டால்தான் 'விண்டேஜ்' பதிவு. வேகத்துக்கு ஆசைப்பட்டு, வண்டியின் வயசுக்குக் கிடைக்கிற மரியாதையைக் கெடுத்துக்கொள்ளணுமா?