வெயிலுக்குப் பழக உடல் கேட்கும் அவகாசம்

“ஊர் வெயிலில் காய்ந்தவர்களுக்குச் சிங்கப்பூர் வெயில் ஒரு பொருட்டா?” என்று பலர் பேசக் கேட்டிருக்கிறேன். கட்டுமானத் தளத்திற்குப் புதிதாக வரும் தம்பிகளும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தைரியம்தான் எனக்குக் கவலை தருகிறது.

தினமும் வெப்பத்தில் உழைக்கத் தொடங்கினால், சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயம் முன்போல் படபடக்காமல் தசைக்கும் தோலுக்கும் இரத்தத்தை அனுப்புகிறது. வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கிறது; அதில் உப்பு குறைகிறது. இவை பெரும்பாலும் நிறைவடைய 7 முதல் 14 நாள் ஆகும்.

மதுரையில் சித்திரை வெயில் 40 பாகையைத் தொடலாம். இங்கு பெரும்பாலும் 32, 33தான். ஆனால் வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரம் மிகுந்த காற்றில் அது சொட்டி வீணாகிறது. அதனால் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ‘டபிள்யுபிஜிடி’ அளவையே பார்க்கவேண்டும். அது 32 பாகையை எட்டினால், வெளியில் கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரவேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்தது. புதியவர்களைக் குறைந்தது 7 நாள் படிப்படியாகப் பழக்கவும் சொன்னது.

பழைய ஊழியர்களும் கவனிக்கவேண்டும். வெப்பத்தில் உழைக்காமல் ஒரு மாதம் இருந்தால், உடல் பெற்ற பழக்கம் பெரும்பாலும் போய்விடும். பத்தாண்டு அனுபவம் இருந்தாலும், நீண்ட விடுப்பு முடிந்து திரும்பும் முதல் வாரம் ஆபத்தானதே. குளிர்சாதன அலுவலகத்திலிருந்து நேராக நெடுந்தொலைவு ஓட்டத்திற்குப் போகும் இளையர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று: பழகிய உடலுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்பது தவறு. வியர்வை கூடுவதால் தேவையும் கூடும்.

உடன் இருப்பவர் திடீரென உளறினால், தடுமாறினால், களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே 995ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுசென்று, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குவதுதான் உயிரைக் காக்கும்.