கரியாலூர் ஏற்றமும் கூடுதல் குதிரைத்திறனும்

கச்சிராயபாளையம் கடந்து கரியாலூருக்கு ஏறும்போதெல்லாம், கொண்டை ஊசி வளைவுகளில் எம் டீசல் கார் ஒரு கணம் மூச்சுத் திணறுவதை உணர்ந்திருக்கிறோம். டர்போவின் இயல்பு அது. வெளியேறும் கழிவுப்புகையின் விசையில் சுழலும் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. எஞ்சின் தணிந்தால் அச்சுழற்சியும் தணியும். இசியுவின் நிரலைத் திருத்தினால் இக்குறை தீரும் என்கிறார் நண்பரொருவர்.

தீராது என்பதே எம் கருத்து. திருத்திய நிரல் காற்றழுத்தத்தையும் எரிபொருளையும் கூட்டும். ஆனால் சக்கரத்தைச் சுழற்றப் புகையே போதாத வேளையில் எதைக் கூட்டுவது? அவ்விடத்தில் ஒரு கியர் குறைப்பதே மருந்து. கூடுதல் விசை அதற்கு மேல்தான் பெருகும். அதைக் கிளட்ச் தாங்க வேண்டும். பிரேக்கோ பழைய பிரேக்தான். ஏறிய மலையை இறங்கவும் வேண்டுமல்லவா? தலைச்சுமையோடு சாலையோரம் நடந்து வருவோருக்கு அங்கே ஒதுங்க இடமேது?

திறன் கூட்டுவதே பிழையென்று நாம் சொல்லவில்லை. கோவை ஜெயம் ஆட்டோமோடிவ்ஸும் டாட்டாவும் இணைந்து 2018இல் டியாகோ ஜேடிபியைக் கொணர்ந்தன. 85 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் டியாகோ, 1.2 லிட்டர் டர்போ எஞ்சினுடன் 114ஐ எட்டியது. கூடவே டயரும் சஸ்பென்ஷனும் மாறின. நண்பர் சொல்லும் விலையில் மென்பொருள் மட்டுமே மாறும்.

சட்டமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நண்பர் இதைக் கேட்டுச் சிரித்தார். கரியாலூரில் யார் சோதிக்கப்போகிறார்கள் என்றார். நாம் பிரேக் பட்டைகளை மாற்றிக்கொண்டு வந்தோம்.